பொண்ணு சைக்காலஜி படிக்கிறா... அடுத்து என்ன?



சமீபத்தில் நம் கூட்டமைப்புக்கு ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. கேட்டவர் பத்து வருடமாகச் சந்தா தவறாமல் கட்டி வரும் ஒரு சகோதரி. தொகை நாற்பதாயிரம். காரணம் என்ற இடத்தில் 'மகள் படிப்பு' என்று எழுதியிருந்தது. மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

"காலேஜ் பீஸுக்கா அக்கா?" என்று கேட்டோம்.

"இல்லம்மா, அது பெரிசா ஒண்ணும் வராது. டவுன்ல ஒரு இடத்துல மூணு மாசத்துல கவுன்சலிங் டிப்ளமோ குடுக்கறாங்களாம். அதை முடிச்சா சொந்தமா கிளினிக் போட்டுக்கலாமாம். அஞ்சாயிரம் முன்பணம் கட்டிட்டேன்" என்றார்.

"அந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறாங்க?" என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மகளை அழைத்து, விளம்பர நோட்டீஸை அவளுடைய கல்லூரிப் பேராசிரியையிடம் காட்டச் சொன்னோம். பேராசிரியை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "இதை வைத்து யாருக்கும் சிகிச்சை கொடுக்க முடியாது."

முப்பத்தைந்தாயிரம் தப்பியது. கட்டிய ஐந்தாயிரம் திரும்பி வரவில்லை.

அந்த அம்மா மேல் தப்பில்லை. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பெண். என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "பைத்தியக்கார டாக்டருக்குப் படிக்கிறாளா?" என்று சிரிக்கிறார்கள். படித்து முடித்தால் என்ன வேலை என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் நோட்டீஸ்காரர் நுழைகிறார். நம் குழுக்களில் இன்னும் சில வீடுகளில் பெண்கள் இந்தப் படிப்பில் இருக்கிறார்கள். அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

உளவியல் வேறு, மனநல மருத்துவம் வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாத்திரை எழுதிக் கொடுக்கும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் டாக்டர் சாரதா மேனன் அப்படிப் படித்தவர்தான். 1794-ல் தொடங்கிய சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர்.

நம் பெண்கள் கலை அறிவியல் கல்லூரியில் படிக்கும் உளவியல் அது இல்லை. மனிதர் எப்படிக் கற்கிறார், எப்படி மறக்கிறார், குழந்தை எப்படி வளர்கிறது, கோபமும் பயமும் எங்கிருந்து வருகின்றன, கூட்டத்தில் மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையெல்லாம் முறையாகப் படிப்பது. பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் 2-வில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். பி.எஸ்சி. முடித்தவர் மருந்து எழுத முடியாது. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து மனநோய்க்குச் சிகிச்சையும் கொடுக்க முடியாது. இதை முதல் வருடமே மகளும் தெரிந்துகொள்ள வேண்டும், வீடும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 'மருத்துவ உளவியலாளர்' யார் என்று விளக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பார்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பை முடித்தவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர். படித்தவருக்கு ஆர்.சி.ஐ. ஒரு பதிவு எண் கொடுக்கும். பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்தால் 1992-ஆம் வருட ஆர்.சி.ஐ. சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

இன்னொன்று. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசியச் சட்டம் வந்தது. உளவியலாளர், ஆலோசகர் போன்ற தொழில்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி. அறிவித்தது. எனவே, "வீட்டிலிருந்தே தபாலில் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கலாம், இப்பவே சேருங்க" என்று யாராவது சொன்னால் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கிற படிப்புதான் இனி வழி.

கல்லூரி வாசலுக்குள் இருப்பவை

"அப்ப இந்த மூணு வருஷம் வீணா?" என்று கேட்காதீர்கள். மூன்று வருடத்தில் என்ன செய்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காசு கொடுத்து வெளியே தேடுவதற்கு முன், கல்லூரிக்குள் இலவசமாகக் கிடைப்பதை அவள் வாங்கிக்கொண்டாளா என்று கேளுங்கள்.

ஒன்று, ஆய்வுக்கூடம். உளவியலுக்கும் லேப் உண்டு. கண்ணாடியில் தெரிகிற உருவத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைவது, ஒலி கேட்டதும் எவ்வளவு வேகமாகக் கை பொத்தானை அழுத்துகிறது என்று அளப்பது, எத்தனை எண்களை ஒரே மூச்சில் நினைவில் வைக்க முடிகிறது என்று பார்ப்பது, இப்படிப் பல சோதனைகள். விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் ஒருவரை உட்கார வைத்து, பயம் போக்கி, சரியாகச் சொல்லிக்கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் பழக்கம் இங்கேதான் வருகிறது. ரெக்கார்டு நோட்டைத் தோழியிடம் வாங்கிப் பார்த்து எழுதினால் அந்தப் பழக்கம் வராது.

இரண்டு, பேராசிரியர்கள். நம் பெண்கள் பலர் வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது துறைக்குப் போய், "மேடம், நான் அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மேற்படிப்புக்கும் பயிற்சி இடங்களுக்கும் பரிந்துரைக் கடிதம் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். பெயரே தெரியாத மாணவிக்கு என்ன கடிதம் எழுத முடியும்?

மூன்று, நாட்டு நலப்பணித் திட்டம். என்.எஸ்.எஸ். மாணவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமுக்கு அனுப்ப நம்மில் பலர் தயங்குகிறோம். முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிவதுதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. பாதுகாப்பு ஏற்பாடு என்ன என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அனுப்பி வையுங்கள்.

நான்கு, வேலைவாய்ப்புப் பிரிவு. பிளேஸ்மெண்ட் செல் என்பார்கள். கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்து உளவியல் மாணவிகள் பேரே கொடுப்பதில்லை. அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் திறன் பயிற்சிகளைச் சேர்த்தார்கள். தன் கல்லூரியில் எந்தப் பயிற்சி நடக்கிறது என்று மகள் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஐந்து, 'ஸ்வயம்'. மத்திய அரசின் இந்த இணையதளத்தில் உளவியல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

ஆறு, கடைசி வருடத்துப் புராஜெக்ட். கடையில் பைண்டிங் செய்த பழைய புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, பெயர் மாற்றித் தருபவர்களும் உண்டு. வேண்டாம். நேர்காணலில் முதலில் கேட்கும் கேள்வியே, "உன் புராஜெக்ட் என்ன?" என்பதுதான். நம் குழுப் பெண்களின் தூக்கம், கடன் கவலை, குடிக்கும் கணவரோடு வாழும் மனச்சுமை என்று நம் ஊரிலேயே ஆயிரம் தலைப்பு இருக்கிறது. பேராசிரியை ஒப்புக்கொண்டு, பேசுபவரும் சம்மதித்தால் நம் குழுக்களே உதவலாம்.

லீவு நாளில் எங்கே போகலாம்?

கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஒரு நல்ல இடத்தில் கூடமாட நின்று பார்த்தவளுக்கும் புத்தகம் மட்டும் படித்தவளுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

சென்னையில் 'சினேகா' 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புப் பணி செய்கிறது. தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, காது கொடுத்துக் கேட்க வைக்கும் அமைப்பு அது. தெருவில் தங்கிய மனநோயுள்ள பெண்களுக்காக 1993-ல் 'பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள். தன் கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்லும் குடிநோய் சிகிச்சை மையம். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குப் புரிய வைத்தது அந்த மையம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

எல்லோரும் சென்னைக்குப் போக முடியாது. பக்கத்து ஊர் சிறப்புப் பள்ளி, குடிபோதை மறுவாழ்வு மையம், முதியோர் இல்லம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, எதுவானாலும் கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேட்கலாம். கேட்கும்போது மூன்று விஷயம் உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே படித்த ஒருவர் மேற்பார்வை பார்ப்பாரா? வேலை நேரம் என்ன? கடைசியில் சான்றிதழ் தருவார்களா? வெறுமனே டீ வாங்கிவரச் சொல்லும் இடத்துக்கும், பயிற்சி தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் இடத்துக்கும் அனுப்பாதீர்கள்.

மூன்று வருடத்தோடு வேலைக்குப் போனால்?

எல்லா வீட்டிலும் மேலே படிக்க வைக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். பி.எஸ்சி. உளவியலும் ஒரு பட்டம்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகள், வங்கித் தேர்வுகள் போல 'ஏதேனும் ஒரு பட்டம்' கேட்கும் தேர்வுகள் எல்லாவற்றையும் எழுதலாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாகவே எடுக்கலாம். கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பிரிவு, வாடிக்கையாளர் கருத்துக் கேட்கும் ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்களின் களப்பணி, சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்களில் உதவியாளர் என்று தொடக்க வேலைகள் உண்டு. சிறப்புக் கல்வியில் பி.எட். படித்து, ஆர்.சி.ஐ. பதிவு பெற்றால் சிறப்பாசிரியர் ஆகலாம்.

அரசுத் திட்டங்களிலும் இடம் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 2015-ல் கொண்டுவந்த 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையம், இங்கெல்லாம் ஆலோசகர், வழக்குப் பணியாளர் பணியிடங்கள் உண்டு. சமூகப்பணி, உளவியல் படித்தவர்களைக் கேட்பார்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. சிலவற்றுக்கு முதுகலைப் பட்டமோ அனுபவமோ வேண்டும். மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். விண்ணப்பிக்கும் முன் தகுதியை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

மேலே படித்தால்?

மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டு வருடம் எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. உளவியல். சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் துறை இருக்கிறது. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பயன்பாட்டு உளவியல் படிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

மருத்துவ உளவியலாளர் ஆவதுதான் மகளின் கனவு என்றால், எம்.எஸ்சி.க்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். என்பதுதான் இத்தனை நாளும் வழியாக இருந்தது. மொத்தம் ஏழு வருடம். யூ.ஜி.சி. 2022-ல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. அதற்குப் பதிலாகப் புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டுவருகிறது. அதனால் அண்ணன் சொன்னார், அக்கா சொன்னார் என்று போகாமல், சேரும் வருடத்தில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் தருவதற்காக 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. மகள் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பணம் மளிகைக் கடைக்குப் போகாமல் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் போகட்டும்.

மேற்படிப்புக்குக் குழுக் கடனையே முதலில் தொடாதீர்கள். குழுக் கடனுக்கு அடுத்த மாதமே தவணை கட்ட வேண்டும். வங்கிக் கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. 'வித்யா லட்சுமி' இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மேனேஜர் இழுத்தடித்தால் கூட்டமைப்பிடம் சொல்லுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்வி

எந்த டிப்ளமோ, எந்தப் பயிற்சி என்றாலும் இதைக் கேளுங்கள்:

1. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது எந்த அரசு அமைப்பின் பெயர் இருக்கும்?
2. அந்த அமைப்பின் இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா?
3. பாடம் எடுப்பவர்கள் என்ன படித்தவர்கள்? பதிவு எண் உண்டா?
4. நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே?
5. பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? எழுதித் தருவீர்களா?

ஐந்தில் ஒன்றுக்குக்கூட மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "இன்னைக்கே கட்டினா பாதி விலை" என்றால் ஓடியே வந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் குறுகிய பயிற்சியே கூடாது என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ள நல்லதுதான். அதை வைத்துத் தொழில் செய்யலாம் என்று சொல்வதுதான் பொய்.

நம் பெண்களிடம் இருக்கிற சொத்து

கடைசியாக ஒன்று. பாடப்புத்தகம் முழுக்க ஆங்கிலம். அதைப் பார்த்து நம் பெண்கள் பயப்படுகிறார்கள். ஆங்கிலம் படிக்கத்தான் வேண்டும், தினமும் ஒரு பக்கம் என்று பழகினால் வரும். ஆனால் வருகிறவர்கள் ஆங்கிலத்திலா அழப் போகிறார்கள்? "நெஞ்சு படபடங்குது", "தலை கனக்குது", "ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது", "மனசே சரியில்ல" என்றுதான் நம் சனங்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன வலி இருக்கிறது என்று புத்தகத்துக்கு முன்னாலேயே தெரிந்தவள் நம் பொண்ணு. அம்மா கூடவே குழுக் கூட்டத்துக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள்.

அதே சமயம் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் வருடம் படிக்கும்போதே, "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நீயே சொல்லேன்" என்று நாம் அவளை அனுப்பிவிடக் கூடாது. அக்கறையாக உட்கார்ந்து கேட்கலாம். வைத்தியம் சொல்லக் கூடாது. கேட்டதை இன்னொரு வாசலில் சொல்லவே கூடாது. யாருக்காவது உயிரையே வெறுக்கும் அளவு மனச்சோர்வு என்றால், இந்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மனாஸ்' எண் 14416-க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

அந்தச் சகோதரி வேறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். தொகை மூவாயிரம். மகள் விடுமுறையில் பக்கத்து ஊர் சிறப்புப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போய்வரப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாட்டுச் செலவும். குழு ஒரே மனதாகத் தீர்மானம் போட்டது. முதல் வாரம் போய்விட்டு வந்த மகள், "அம்மா, ஒரு பையன் மூணு நாளா என்கிட்ட பேசவே இல்ல. இன்னைக்கு என் கையைப் பிடிச்சான்" என்றாளாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

சகோதரிகளே, உங்கள் குழுவில் யார் வீட்டுப் பெண்ணாவது உளவியல் படித்தால் அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஐந்து கேள்விகளையும் தீர்மான நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். நோட்டீஸோடு யாராவது வரும்போது கைக்கு எட்டும்.